பக்கத்து வீட்டு ஹெட்ஜ், வயல்வெளி உயிர்வேலி: இங்கிலாந்துச் சட்டம் என்ன சொல்கிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் வீடு வாங்கிய நம்மவர்களிடம் தோட்டத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், பாதிப் பேர் பக்கத்து வீட்டு ஹெட்ஜில், அதாவது செடிகளை வரிசையாக நட்டு வளர்த்த வேலியில், வந்து நிற்பார்கள். வாங்கும்போது தோள் உயரம் இருந்ததாம், இப்போது மாடி ஜன்னலை மறைக்கிறதாம், காய வைத்த துணி மாலை வரை ஈரமாம். ஊருக்கு வெளியே நிலத்தோடு வீடு வாங்கியவர்களின் குறை வேறு: சொந்த நிலத்தில் நிற்கும் வேலியைக்கூடப் பிடுங்கக் கூடாது என்கிறார்களே, இது என்ன நியாயம்? இரண்டு தரப்பும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு உரியது; மற்றப் பகுதிகளில் எங்கே மாறுகிறது என்பதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஹெட்ஜைக் காப்பாற்றவும் ஒரு சட்டம், வெட்ட வைக்கவும் ஒரு சட்டமா?

ஆமாம். ஆனால் இரண்டும் ஒரே வேலியைப் பற்றியவை அல்ல. வயல், மேய்ச்சல் நிலம், பொது நிலம் ஆகியவற்றை ஒட்டிய உயிர்வேலிகளை 1997-ஆம் ஆண்டின் உயிர்வேலி ஒழுங்குமுறைகளும் 2024-இல் வந்த பராமரிப்பு ஒழுங்குமுறைகளும் காக்கின்றன. வீட்டுத் தோட்டங்களுக்கு இடையே வளர்ந்து வெளிச்சத்தை மறைக்கும் ஹெட்ஜுக்கு 2003-ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தைச் சட்டத்தின் 8-ஆம் பகுதி. அது இங்கிலாந்தில் 2005 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடித்துவிட்டுத் தெருவில் கலாட்டா செய்பவர்களுக்கான சட்டத்திலேயே ஹெட்ஜையும் சேர்த்துவிட்டார்கள். பல தெருக்களைப் பார்த்தால் பொருத்தமான இடம்தான் என்று தோன்றும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அது எல்லா வேலிக்கும் பொது: பறவைக் கூடுகளைக் காக்கும் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில், ஹெட்ஜ் யாருடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிலப் பதிவகத்தின் வரைபடத்தை எடுத்துப் பார்த்து, சிவப்புக் கோட்டை ஸ்கேலால் அளந்து, "எல்லை இதோ" என்று சண்டைக்குப் போகாதீர்கள். அந்தக் கோடு பொதுவான எல்லையை மட்டுமே காட்டும். அங்குலக் கணக்குக்கு அது உதவாது. வீட்டின் பழைய பத்திரங்களில் எந்தப் பக்க வேலி யார் பொறுப்பு என்று எழுதியிருந்தால் அதுதான் வலுவான ஆதாரம். "இடது பக்க வேலி எப்போதும் நம்முடையது" என்று பலரும் சொல்வார்கள். அப்படி ஒரு விதியே கிடையாது.

நாட்டுப்புற நிலங்களுக்கு ஒரு பழைய ஊகம் உண்டு. இரண்டு நிலங்களுக்கு நடுவே வேலியும் வாய்க்காலும் இருந்தால், வாய்க்காலை வெட்டியவர் தன் நிலத்தின் விளிம்பில் நின்று வெட்டி, மண்ணைத் தன் பக்கமே வாரிப் போட்டு, அந்த மேட்டின் மேல் வேலி நட்டிருப்பார் என்று நீதிமன்றம் கொள்ளும். ஆகவே எல்லை வேலியில் இல்லை, வாய்க்காலின் அந்தக் கரையில் இருக்கிறது. அப்போது நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1999-இல் தீர்த்த ஒரு வழக்கிலும் இந்த ஊகம் நிலைநிறுத்தப்பட்டது. பத்திரம் வேறு விதமாகச் சொன்னால் பத்திரமே செல்லும்.

யாழ்ப்பாணத்தில் கதியால் (வேலிக்கு நடும் கம்பு) அரையடி தள்ளிப் போட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாக முகம் பார்க்காத குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே சொலிசிட்டர் (வழக்கறிஞர்) கட்டணம் கூடுதல், அவ்வளவுதான்.

எது "உயரமான ஹெட்ஜ்"? பக்கத்து வீட்டில் ஒரே ஒரு பெரிய மரம்தான் நிற்கிறது, அதற்கும் புகார் கொடுக்கலாமா?

முடியாது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மரங்களோ புதர்களோ வரிசையாக நிற்க வேண்டும். முழுவதுமோ பெரும்பாலுமோ பசுமை மாறாத, அல்லது பாதியளவு பசுமை மாறாத இனங்களாக இருக்க வேண்டும். நிலமட்டத்திலிருந்து 2 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும். வெளிச்சத்துக்கோ வழிக்கோ தடையாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டையும் தோட்டத்தையும் நீங்கள் நியாயமாக அனுபவிப்பதை அந்த உயரம் கெடுக்க வேண்டும்.

லெய்லாண்டி, லாரல், ஹோலி, யூ, பிரிவெட் எல்லாம் இதில் அடங்கும். பீச், ஹார்ன்பீம் அடங்காது. பீச் ஹெட்ஜில் காய்ந்த இலை குளிர்காலம் முழுக்க உதிராமல் தொங்கிக்கொண்டிருக்கும், பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆனாலும் அது இலையுதிர் மரம்தான். மூங்கிலும் ஐவிக் கொடியும் இந்தச் சட்டத்துக்குள் வராது. மூங்கில் புல்லினம், ஐவி படர்கொடி.

ஹெட்ஜ் நிற்கும் இடம் வீடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பள்ளி, கடை, கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) சொந்தப் பூங்கா என்று எதுவாகவும் இருக்கலாம். பாதிக்கப்படும் இடம் மட்டும் குடியிருப்பாக இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவரும் புகார் கொடுக்கலாம். உரிமையாளருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

எல்லாப் புகாரிலும் இந்த லெய்லாண்டிதான் அடிபடுகிறதே, அப்படி என்ன அதில்?

வட அமெரிக்காவின் இரண்டு சைப்ரஸ் இனங்கள் வேல்ஸில் உள்ள லெய்டன் ஹால் என்ற மாளிகைத் தோட்டத்தில் 1888-இல் தற்செயலாகக் கலந்து பிறந்த கலப்பினம் இது. அந்தத் தாய் மரங்கள் இரண்டும் சொந்த நாட்டில் ஒன்றையொன்று சந்திக்கவே வாய்ப்பில்லாத தூரத்தில் வளர்பவை. நன்றாக வேர் பிடித்துவிட்டால் வருடத்துக்கு ஒரு மீட்டர் அளவுக்குக்கூட வளரும். யாரும் தொடாமல் விட்டால் ஐந்தாறு மாடி உயரத்துக்குப் போகும்.

தொல்லை உயரத்தோடு நிற்பதில்லை. லெய்லாண்டியைப் பழுப்பு நிறமான உள்கட்டை வரை வெட்டினால் அங்கே மறுபடி துளிர்க்காது. அதனால் பக்கவாட்டில் தடித்துப்போன ஹெட்ஜை ஒரே அடியில் ஒல்லியாக்க முடியாது. வெட்டிய முகம் நிரந்தரமாகப் பழுப்பாகவே நிற்கும். வருடத்துக்கு இரண்டு முறை ஒழுங்காகக் கத்தரித்து வந்தால் இதைவிட அடர்த்தியான, அழகான ஹெட்ஜ் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். மரத்தின் மேல் குற்றமில்லை, கத்தரிக்கோலை மறந்தவர் மேல்தான்.

அப்படியானால் 2 மீட்டருக்கு மேல் இருப்பதை எல்லாம் வெட்டச் சொல்லலாமா?

பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். 2 மீட்டர் என்பது புகார் கொடுக்கத் தகுதி பெறும் உயரம். ஹெட்ஜ் அதற்குமேல் வளரக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஹெட்ஜ் வைக்க யாரிடமும் அனுமதி கேட்கவும் தேவையில்லை.

எவ்வளவு உயரம் நியாயம் என்பதைக் கணக்கிடக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தயாரித்த ஒரு வழிமுறையைக் கவுன்சில்கள் பயன்படுத்துகின்றன. அடிப்படை எளிதானது. ஹெட்ஜிலிருந்து உங்கள் தோட்டம் எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். ஹெட்ஜ் எந்தத் திசையில் நிற்கிறதோ அதற்குரிய எண்ணால் அந்த ஆழத்தைப் பெருக்குங்கள். தெற்கே நின்றால் 0.25, வடக்கே நின்றால் 0.65, மற்றத் திசைகளுக்கு இடைப்பட்ட எண்கள். சூரியன் தெற்குப் பக்கமாகவே போகும் நாடு என்பதால்தான் இந்த வித்தியாசம்.

உதாரணமாக உங்கள் பின் தோட்டம் 12 மீட்டர் ஆழம், அதன் கடைசியில் தெற்கு எல்லை முழுக்க ஹெட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். 12-ஐ 0.25-ஆல் பெருக்கினால் 3 மீட்டர். அதற்கு மேல் இருந்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதே ஹெட்ஜ் வடக்கு எல்லையில் நின்றால் 7.8 மீட்டர் வரை பொறுத்துக்கொள்ளச் சொல்வார்கள்!

ஜன்னலுக்குத் தனிக் கணக்கு. கீழ்த்தள அறையின் ஜன்னலுக்கு நேர் எதிரே ஹெட்ஜ் இருந்தால், இடையிலுள்ள தூரத்தில் பாதியோடு 1 மீட்டர் கூட்டுங்கள். 6 மீட்டர் தள்ளி இருந்தால் 4 மீட்டர். தோட்டக் கணக்கு, ஜன்னல் கணக்கு இரண்டில் எது குறைவோ அதைப் பார்ப்பார்கள். ஹெட்ஜ் தோட்டத்தின் பக்கவாட்டில் ஓடினால் ஆழம் என்பது உங்கள் தோட்டத்தின் அகலம். 6 மீட்டர் அகலமே உள்ள டெரஸ் வீட்டுத் தோட்டத்தில், தெற்குப் பக்க ஹெட்ஜுக்குக் கணக்குப்படி 1.5 மீட்டர் வரும். ஆனால் 2 மீட்டருக்குக் கீழே வெட்டும்படி உத்தரவிடக் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை. ஆகவே 2 மீட்டர்தான்.

சரிவான நிலம், எல்லையிலிருந்து தள்ளி நடப்பட்ட ஹெட்ஜ் ஆகியவற்றுக்குத் திருத்தங்கள் உண்டு. கணக்கில் வந்த உயரம் கடைசித் தீர்ப்பும் அல்ல. ஹெட்ஜ்காரரின் தனிமை, தெருவின் தோற்றம் எல்லாவற்றையும் கவுன்சில் எடைபோடும். எப்படியானாலும், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் முன் அளவுநாடாவை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். கையில் ஒரு எண் இருந்தால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

கவுன்சிலுக்கு நேரே எழுதிவிடலாமா?

எழுதலாம், திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிரச்சினையைத் தீர்க்க நீங்கள் நியாயமான எல்லா முயற்சியும் எடுக்கவில்லை என்று தெரிந்தால் புகாரை விசாரிக்க மறுக்கச் சட்டமே அனுமதிக்கிறது. "அவரோடு பேச முடியாது, ஒரு மாதிரியான ஆள்" என்பது முயற்சி ஆகாது.

முதலில் போய்ப் பேசுங்கள். தோட்டத்தில் அவர் நிற்கும்போது வேலிக்கு மேலாகக் கத்துவதைவிட, ஒரு சனிக்கிழமை காலையில் வாசலுக்குப் போவது மேல். அவரை உங்கள் பக்கம் வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஹெட்ஜ்காரர்களில் பலருக்கு மறுபக்கம் எப்படி இருக்கிறது என்றே தெரியாது. அவர்கள் பார்ப்பது வெயில் படும் பச்சைச் சுவர். நீங்கள் பார்ப்பது நிழல், பாசி படர்ந்த புல், மதியம் 2 மணிக்கே விளக்குப் போட்ட சமையலறை. ஒரு கப் டீயோடு அந்தச் சமையலறையிலேயே உட்கார வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வயதானவர் என்றால் வெட்ட ஆள் பிடிப்பதும் செலவும்தான் அவருக்குத் தடையாக இருக்கும். செலவில் பாதி தருகிறேன் என்பது பணிந்துபோவது அல்ல. கவுன்சில் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் அதுவே லாபம்.

பேச்சு நடக்கவில்லை என்றால் கடிதம். மிரட்டல் வேண்டாம், "என் சொலிசிட்டர்" என்ற சொல்லும் வேண்டாம். எந்த ஹெட்ஜ், என்ன பாதிப்பு, எவ்வளவு உயரத்துக்குக் குறைத்தால் போதும், எப்போது செய்யலாம் என்று நான்கு வரி. அதற்கும் பதில் இல்லையா? நடுநிலையான சமரசகரை வைத்துப் பேச நீங்கள் தயார் என்று இரண்டாவது கடிதம். பல ஊர்களில் அண்டை வீட்டுச் சச்சரவுகளுக்கான சமரச சேவைகள் உண்டு. கவுன்சிலிடம் கேட்டால் சொல்வார்கள். கடைசியாக, தீராவிட்டால் கவுன்சிலிடம் போவேன் என்று அறிவிக்கும் கடிதம். எல்லாவற்றுக்கும் தேதியோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் போதும். புகாரோடு இணைக்க வேண்டியது இவைதான்.

கட்டணம் எவ்வளவு? ஜெயித்தால் திரும்பக் கிடைக்குமா?

புகார் கொடுப்பவர்தான் கட்ட வேண்டும். இங்கிலாந்தில் உச்சவரம்பு இல்லை. ஒவ்வொரு கவுன்சிலும் தானே முடிவு செய்கிறது. சில நூறு பவுண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் சரியான தொகை இருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகை உண்டா என்பதும் இருக்கும். வேல்ஸில் 320 பவுண்டு உச்சவரம்பு. ஜெயித்தாலும் எதிர்த்தரப்பிடமிருந்து அதை வசூலித்துத் தர மாட்டார்கள். இது அநியாயம் என்பது என் கருத்து. ஆனால் வாசலில் பேசித் தீர்க்க அதைவிடப் பெரிய தூண்டுதலும் வேறில்லை.

புகார் கொடுத்த பிறகு என்ன நடக்கும்?

இரு தரப்பிடமும் எழுத்தில் விளக்கம் கேட்பார்கள். ஒரு அதிகாரி வந்து இரண்டு பக்கமும் அளப்பார். பிறகு முடிவு. உங்கள் பக்கம் நியாயம் என்றால் ஹெட்ஜ்காரருக்குப் பரிகார அறிவிக்கை போகும். எந்த உயரத்துக்கு, எந்தத் தேதிக்குள் குறைக்க வேண்டும், அதன்பிறகு எந்த உயரத்தைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கும். மறுபடி வளர இடம் விட்டு, கணக்கில் வந்ததைவிடக் கொஞ்சம் தாழ்வாகவே முதல் வெட்டைக் கேட்பது வழக்கம்.

வேரோடு எடுக்கச் சொல்லிக் கவுன்சில் உத்தரவிட முடியாது. ஹெட்ஜ் செத்துப்போகும் அளவுக்கு வெட்டச் சொல்லவும் கூடாது. நலமான லெய்லாண்டி மூன்றில் ஒரு பங்கு உயரம் குறைந்தால் தாங்கும். அதற்கு மேல் போக வேண்டுமானால் இரண்டு மூன்று கட்டங்களாகச் செய்யச் சொல்வார்கள்.

முடிவு பிடிக்காவிட்டால் இரு தரப்பில் யாரும் 28 நாட்களுக்குள் திட்டமிடல் ஆய்வாளர் அலுவலகத்திடம் (Planning Inspectorate) மேல்முறையீடு செய்யலாம். அறிவிக்கையை மதிக்காவிட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். நீதிமன்றம் சொன்ன பிறகும் அசையாவிட்டால் நாள் கணக்கில் மேலும். கவுன்சிலே ஆள் அனுப்பி வெட்டிவிட்டுச் செலவை ஹெட்ஜ்காரரிடம் வாங்கவும் முடியும். வீடு கைமாறினாலும் அறிவிக்கை புது உரிமையாளரைக் கட்டுப்படுத்தும்.

இவ்வளவு எதற்கு, நானே வெட்டிவிட்டால்?

உங்கள் எல்லைக்குள் நீட்டியிருக்கும் கிளைகளை எல்லைக்கோடு வரை வெட்ட உங்களுக்கு உரிமை உண்டு. 1894-இல் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கிலிருந்து இது உறுதியான சட்டம், முன்னறிவிப்புக்கூடத் தேவையில்லை. தேவையில்லை என்பதற்காகச் சொல்லாமல் வெட்டாதீர்கள்.

எல்லைக்கு அப்பால் ஓர் அங்குலமும் போகக் கூடாது, அவர் நிலத்தில் கால் வைக்கவும் கூடாது. உயரத்தைக் குறைக்க இந்த உரிமை உதவாது. உச்சி அவர் பக்கம் இருக்கிறது. வெட்டிய கிளையும் அதில் பழம் இருந்தால் பழமும் மரத்துக்காரருடையவை. எனவே வேண்டுமா என்று கேளுங்கள். கேட்காமல் வேலிக்கு மேலாக அந்தப் பக்கம் எறிந்தால் குற்றம் உங்கள் தலையில் விழும்.

இன்னொன்று: மரப் பாதுகாப்பு ஆணை போட்ட மரமா, உங்கள் தெரு பாதுகாப்புப் பகுதிக்குள் (பழைய தோற்றத்தைக் காக்கவென்று குறிக்கப்பட்ட பகுதி) வருகிறதா என்று கவுன்சிலிடம் முதலில் பாருங்கள். பாதுகாப்பு ஆணை இருந்தால் அனுமதி வேண்டும். பாதுகாப்புப் பகுதியில் ஓரளவு தடித்த மரங்களை வெட்ட 6 வாரம் முன்னதாக அறிவிக்க வேண்டும்.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஹெட்ஜைத் தொடவே கூடாதாமே?

பாதி உண்மை. அந்தத் தேதித் தடை விவசாய நிலத்து உயிர்வேலிகளுக்கு உரியது. வீட்டுத் தோட்டத்துக்குத் தேதி எதுவும் இல்லை. ஆனால் எந்தக் காட்டுப் பறவையின் கூட்டையும், அது கட்டப்படும்போதோ பயன்பாட்டில் இருக்கும்போதோ, வேண்டுமென்றே சேதப்படுத்துவது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வரம்பில்லாத அபராதம், 6 மாதம் வரை சிறை. இது ஜனவரியானாலும் பொருந்தும்.

நடைமுறையில், மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை பெரிய வெட்டைத் தள்ளிப் போடுவதே நல்லது. வெட்டியே ஆக வேண்டுமானால் முதல்நாள் காலை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். ஒரு பிளாக்பேர்ட் வாயில் புழுவோடு வந்து, நேரே நுழையாமல் பக்கத்துக் கம்பத்தில் ஒரு நிமிடம் நின்று, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ஹெட்ஜின் ஒரே இடத்தில் நுழைகிறதென்றால் உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன. மெஷினை அணைத்து வையுங்கள். வெட்ட வரும் ஆளிடமும் சொல்லிவிடுங்கள். நல்ல தொழில்காரர் தானே நிறுத்திவிடுவார்.

நிலத்தோடு வீடு வாங்கியிருக்கிறோம். வயலோரத்து உயிர்வேலியை எடுத்துவிட்டுப் பலகை வேலி போடலாமா?

கவுன்சிலைக் கேட்காமல் கூடாது. விவசாயம், வனம், குதிரை அல்லது கழுதை வளர்ப்பு ஆகியவற்றுக்கான நிலத்திலோ பொது நிலத்திலோ அவற்றை ஒட்டியோ, 20 மீட்டர் அல்லது அதற்கு மேல் நீளமான உயிர்வேலி 1997-ஆம் ஆண்டு விதிகளுக்குள் வரும். 20 மீட்டரைவிடக் குட்டையாக இருந்தாலும் இரண்டு முனையும் வேறு உயிர்வேலிகளோடு சேர்ந்தால் அதுவும் வரும். நடுவில் 20 மீட்டர் வரை இடைவெளி விழுந்திருந்தாலும் ஒரே வேலிதான். "அது எப்போதோ செத்துப்போச்சு" என்ற சாக்கு எடுபடாது. உங்கள் வீட்டுத் தோட்டத்தின் எல்லையாக நிற்கும் ஹெட்ஜுக்கு மட்டும் விலக்கு உண்டு.

எடுப்பதற்கு முன் உள்ளூர்த் திட்டமிடல் அமைப்புக்கு (பெரும்பாலும் கவுன்சில்தான்) அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு 42 நாள் அவகாசம். சரி என்றாலோ, பதிலே வராவிட்டாலோ, 2 வருடத்துக்குள் எடுக்கலாம். வேலி "முக்கியமானது" என்று கண்டால் தக்கவைப்பு அறிவிக்கை வரும்; அதன்பிறகு தொடக் கூடாது. மீறிப் பிடுங்கினால் வரம்பில்லாத அபராதம், மறுபடி நட்டு வளர்க்கும் உத்தரவும் வரலாம்.

எந்த வேலி "முக்கியமானது"?

குறைந்தது 30 வயதாகியிருக்க வேண்டும். கூடவே வரலாறு அல்லது இயற்கை சார்ந்த ஒரு தகுதியாவது வேண்டும். 1850-க்கு முந்தைய பாரிஷ் (தேவாலயப் பங்கு) எல்லையைக் குறிப்பது, 1600-க்கு முந்தைய பண்ணை எல்லையைக் குறிப்பது, தொல்லியல் சின்னத்தோடு சேர்ந்திருப்பது போன்றவை வரலாற்றுத் தகுதிகள். இயற்கைப் பக்கம் பார்த்தால், பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள் வாழ்வது, அல்லது 30 மீட்டர் நீளத்தில் சராசரியாக 7 வகை மரஞ்செடிகள் இருப்பது. வேலியோரம் வாய்க்கால், மண்மேடு போன்ற அம்சங்கள் சேர்ந்தால் இன்னும் குறைந்த வகைகளே போதும். வடக்கு மாவட்டங்களில் ஒரு வகை குறைத்துக் கணக்கிடுவார்கள்.

இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் சுவையான ஒரு விஷயம் இருக்கிறது. 30 கெஜ நீளத்தில் எத்தனை வகை மரஞ்செடி இருக்கிறதோ, வேலிக்கு ஏறத்தாழ அத்தனை நூற்றாண்டு வயது என்று மாக்ஸ் ஹூப்பர் என்ற சூழலியலாளர் கண்டு சொன்னார். எல்லா இடத்திலும் பொருந்தாத, தோராயமான கணக்குதான். இருந்தாலும் அடுத்த முறை கிராமப்புறத்தில் நடக்கும்போது ஹாத்தார்ன், பிளாக்தார்ன், ஹேசல், ஃபீல்ட் மேப்பிள், டாக் ரோஸ் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து தாண்டினால், நம் ஊரில் விஜயநகர மன்னர்கள் ஆண்ட காலத்தில் யாரோ நட்ட வேலியின் பக்கத்தில் நடந்துகொண்டிருக்கலாம். அப்படிப்பட்டதை ஒரு மதியத்தில் ஜேசிபியால் வழித்தெடுத்துவிட முடியும் என்பதால்தான் இந்த விதிகள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய இயந்திரங்களுக்கு வயலைப் பெரிதாக்க ஏராளமான வேலிகளை அப்படித்தான் எடுத்தார்கள்.

சாதாரணமாகக் கத்தரிப்பது, கிளைகளை வளைத்துப் பின்னுவது போன்ற பராமரிப்பு வேலைகளுக்கு இந்த அறிவிப்புத் தேவையில்லை. இருக்கும் நுழைவாயிலை அடைத்துவிட்டு வேறிடத்தில் திறப்பது, திட்டமிடல் அனுமதி பெற்ற கட்டட வேலை ஆகியவற்றுக்கும் விலக்குகள் உண்டு. ஜேசிபிக்காரரை வரச் சொல்லும் முன் கவுன்சிலிடம் கேட்டுவிடுங்கள்.

2024-இல் வந்த விதி என்ன?

ஐரோப்பிய ஒன்றியக் காலத்து மானியத்தோடு பிணைந்திருந்த வேலி விதிகள் 2023 முடிவில் காலாவதியாகின. சில மாத இடைவெளிக்குப் பிறகு, 2024 மே 23 முதல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. மானியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் விவசாய நிலம் எல்லாவற்றுக்கும் இவை பொருந்தும். வேலியின் நடுவிலிருந்து 2 மீட்டர் வரை உழக் கூடாது. உரமோ பூச்சிமருந்தோ போடக் கூடாது. 2 ஹெக்டேர் வரையிலான சின்ன வயல்களுக்கு இந்த 2 மீட்டர் விதி கிடையாது. மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை கத்தரிக்கக் கூடாது. சாலையில் போவோருக்கு ஆபத்து என்பது போன்ற விதிவிலக்குகள் உண்டு. கண்காணிப்பது விவசாய மானியங்களைக் கொடுக்கும் கிராமப்புறக் கொடுப்பனவு முகமை. எங்கள் நிலத்தில் இரண்டு குதிரை மட்டும்தான் மேய்கிறது என்பவர்களும் தங்கள் நிலம் விவசாய நிலக் கணக்கில் வருகிறதா என்று அவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பக்கத்து வீட்டு வேரால் எங்கள் சுவரில் விரிசல். இந்தப் புகாரில் அதையும் சேர்க்கலாமா?

வேண்டாம். உயர ஹெட்ஜ் சட்டம் வேரைப் பார்க்காது. வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே சொல்லுங்கள். அது தனி வழி.

எங்கள் ஹெட்ஜ் நடைபாதைமேல் சாய்கிறது என்று கடிதம் வந்திருக்கிறது.

வெட்டிவிடுங்கள். பொது வழியை மறைக்கும் செடியை 14 நாளில் வெட்டச் சொல்ல 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. தவறினால் அவர்களே வெட்டிவிட்டுப் பில் அனுப்பலாம். தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர் உங்கள் ஹெட்ஜால் சாலையில் இறங்கி நடக்கிறார் என்றால் கடிதம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

சண்டை முற்றிவிட்டது, வீட்டையே விற்றுவிடலாம் என்று இருக்கிறோம்.

அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விற்பவர் நிரப்பும் சொத்துத் தகவல் படிவத்தில், அக்கம்பக்கத்தாரோடு தகராறு உண்டா, ஏதாவது அறிவிக்கை வந்ததா, போனதா என்று கேட்டிருக்கும். மறைத்து விற்றால் வாங்கியவர் பிறகு உங்கள்மேல் வழக்குப் போடலாம். உண்மையைச் சொன்னால் சிலர் பின்வாங்குவார்கள், சிலர் விலையைக் குறைப்பார்கள். கவுன்சிலுக்கு முறைப்படி புகார் எழுதும் முன் யோசிக்க இதுவும் ஒரு காரணம். தீர்ந்துபோன தகராறாக இருந்தால், எப்படித் தீர்ந்தது என்று காட்டும் கடிதம் கையில் இருப்பது பெரிய உதவி.

ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு?

வேல்ஸுக்கும் இதே 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் 1997-ஆம் ஆண்டு விதிகளும்தான். 2024 விதிகள் இல்லை. ஸ்காட்லாந்துக்குத் தனியாக 2013-ஆம் ஆண்டுச் சட்டம், 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில். அங்கே பசுமை மாறாத இனம் என்ற நிபந்தனை இல்லை. அதனால் எடின்பரோவில் இருப்பவர் பீச் ஹெட்ஜுக்கும் விண்ணப்பிக்கலாம். வட அயர்லாந்தில் 2011-ஆம் ஆண்டுச் சட்டம், ஏறத்தாழ இங்கிலாந்து மாதிரியே.

புதிதாக ஹெட்ஜ் நட ஆசை. பிறகு இந்தத் தொல்லை வராமல் இருக்க எதை நடலாம்?

ஐந்து வருடத்தில் எவ்வளவு உயரம் வேண்டும் என்பதைவிட, வருடத்துக்கு எத்தனை நாள் கத்தரிக்கத் தயார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள்தான் என்றால் யூ, ஹோலி போன்ற மெதுவான இனங்கள். பறவைகள் வேண்டுமென்றால் ஹாத்தார்ன்: பூவும் உண்டு, பழமும் உண்டு, முள் இருப்பதால் திருடனும் ஏற மாட்டான். குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் விட வேண்டுமானால் ஹார்ன்பீம். எல்லைக்கோட்டின் மேலேயே நடாதீர்கள். அரை மீட்டராவது உள்ளே தள்ளி நட்டால் தடித்த பிறகும் உங்கள் நிலத்துக்குள்ளேயே நிற்கும். மறுபக்கத்தைக் கத்தரிக்க எப்படியும் பக்கத்து வீட்டுக்குள் போக வேண்டியிருக்கும். நடுவதற்கு முன்பே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.